சகலனின் எஞ்சின்

என் சகலன் மேர்வினைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல யாராலும் முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் அவன் நடத்தும் சிற்றுண்டிக் கடையில் றோல்ஸில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருநாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "நல்ல காலம் சொன்னியள் அண்ணை" என்று அந்தத் தட்டத்தை அப்படியே உள்ளே தூக்கிப் போய்விட்டான். வரிசையில் நின்றவர்கள் அவனை இன்னும் மரியாதையாகப் பார்த்தார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. உப்பு உண்மையில் சரியாகத்தான் இருந்தது.

மேர்வின் என் மனைவி எமில்டாவின் தங்கை பெனிற்றாவைக் கட்டியவன். என்னைவிட நான்கு வயது இளையவன். நான் கிறிஸ்துராஜா. இல்ஃபோர்ட் பக்கம் ஒரு கராஜில் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை செய்கிறேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஜேர்மனியில் இதே மாதிரி வேலை. லிஃப்டில் ஏற்றிய காரின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதன் சொந்தக்காரன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதை வீட்டிலும் செய்கிறேன் என்பது எமில்டாவின் முறைப்பாடு.

ஆறு வருடங்களுக்கு முன் நான் ஒரு கமாரோ வாங்கினேன். அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், இடது பக்கம் ஸ்ரியரிங். இந்தப் பழைய கார்க்காரர்களிடம் சாதி பார்க்கிற மாதிரி ஒரு வழக்கம் உண்டு. காரின் உடலில் ஒரு நம்பர் இருக்கும். எஞ்சினிலும் அதே நம்பரின் கடைசிப் பகுதியைத் தொழிற்சாலையில் அடித்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால், அந்தக் கார் பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அது அசல். பொருந்தாவிட்டால் எவ்வளவுதான் மினுங்கினாலும் அது எஞ்சின் மாற்றின கார். என்னுடையது பொருந்தியது. அதற்கு அத்தாட்சிப் பத்திரம் வைத்திருக்கிறேன், பிரேம் போட்டு.

அசலான பொருளை வைத்திருப்பவன் அதைக் காப்பாற்ற வேண்டும். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி லொக்கப் என்கிற பூட்டுப் போட்ட கார்க் கொட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து உள்ளே வைத்தேன். மழைக்கு எடுப்பதில்லை. மழைக்காலத்திலும் எடுப்பதில்லை. லண்டனில் இந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டு வருடம் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அப்படி ஒரு கார் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அந்த இரண்டு வருடமும் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தால், கோவில் கார் பார்க்கில் செம்மஞ்சள் நிறத்தில் இன்னொரு கமாரோ நிற்கிறது. அதே அறுபத்தொன்பது. கதவில் சாய்ந்தபடி மேர்வின்.

"உங்கட காரைப் பாத்துத்தான் அண்ணை எனக்கும் ஆசை வந்தது" என்றான். முகமெல்லாம் பல்.

வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் பொனற்றைத் திறக்கச் சொன்னேன். எஞ்சினின் முன்பக்கம், வலது கரையில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு மட்டமான இடம் இருக்கும். நம்பர் அங்கேதான். கோவில் உடுப்போடு குனிந்து, போன் வெளிச்சத்தில் ஊத்தையைத் துடைத்துப் பார்த்தேன். கார் நம்பர் இல்லை. சீ, ஈ என்று இரண்டு ஆங்கில எழுத்தும் வேறு சில இலக்கங்களும் இருந்தன. பின்னாளில் மாற்றுவதற்கென்று தனியாக விற்ற எஞ்சின்களுக்குப் போடுகிற அடையாளம் அது.

"மேர்வின், இது எஞ்சின் மாத்தின கார்" என்றேன். குரலைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பெரிய பாடுபட்டேன்.

"ஓம் அண்ணை, வித்தவனும் சொன்னவன். முன்னம் வைச்சிருந்த ஆரோ ஒருத்தன் அசல் எஞ்சினைக் கழட்டி ரேஸ் படகுக்குப் பூட்டிப்போட்டு, இதை அமெரிக்காவில இருந்து எடுப்பிச்சுப் போட்டவனாம். ஓடுது தானே?"

"ஓடும். ஆனா அசல் இல்லை."

"அசல் கார் எங்கட குடும்பத்தில ஒண்டு இருக்குத்தானே. அது காணும்" என்று சொல்லி என் தோளில் தட்டினான்.

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அவனிடம் என்ன இருந்தாலும், என்னிடம் இருக்கிறது அவனிடம் இல்லை. காரின் டாஷ்போட்டில் கண்ணாடியூடாகத் தெரிந்த உடல் நம்பரையும் பார்த்து மனப்பாடமாக்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் தொழில் பழக்கம் என்று சொல்லியிருப்பேன். மன்செஸ்ரரில் படிக்கும் என் மகள் ஜெனோஜாவின் ரெலிபோன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

ஆனால் அந்த நிம்மதி ஒரு கோடைகாலம்கூடத் தாங்கவில்லை. மேர்வின் அந்தக் காரை மதிக்கவே இல்லை. அதாவது, ஓட்டினான். கடைக்கு ஓட்டினான். வெம்பிளியில் ஒரு சாமத்தியவீட்டுக்கு நானூறு றோல்ஸைப் பின் டிக்கியில் அடுக்கிக்கொண்டு போனான். மழையில் ஓட்டினான், பனியில் ஓட்டினான். முன் சீற்றில் பெனிற்றா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருப்பாள். இடது பக்க ஸ்ரியரிங் என்பதால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள்தான் ஓட்டுகிறாள் என்று தோன்றும். அதை ரசித்து அவள் கையையும் ஆட்டுவாள்.

சனம் அந்தக் காரை விரும்பியது. பங்கில் ஒரு கல்யாணம் என்றால் பொம்பிளையைக் கூட்டிவர மேர்வினின் கார். முதல் நன்மை எடுத்த பிள்ளைகள் படம் எடுக்க மேர்வினின் கார். திருநாளுக்குப் பாதர் வாகனங்களை ஆசீர்வதித்தபோது அதற்கு மட்டும் இரண்டு தரம் தீர்த்தம் தெளித்தார், நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன். என்னுடைய காரை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இல்லை என்று சொல்வதற்காவது யாராவது கேட்டிருக்கலாம்.

எசெக்ஸில் கோடையில் நடக்கும் பழைய கார்ச் சந்திப்பு ஒன்றுக்கு இரண்டு பேரும் போவோம். என் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவேன். அத்தாட்சிப் பத்திரத்தைக் கண்ணாடியின் கீழ் வைப்பேன். வயதான இரண்டு வெள்ளைக்காரர் வந்து பொனற்றுக்குள் குனிந்து பார்த்து, "வெரி கரெக்ட்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போய் மேர்வினின் காருக்குப் பக்கத்தில் நின்று அவன் கடைப் பற்றிஸ் சாப்பிடுவார்கள். அவன் அந்த மாற்று எஞ்சினின் கதையைப் படகு, ரேஸ், அமெரிக்கா என்று கையை விரித்துச் சொல்ல, சுற்றி நின்று சிரிப்பார்கள். என் காருக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுதான் அதன் கதை.

பொறாமை என்று அப்போது நான் அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நெஞ்சில் புளித்துக்கொண்டு வரும். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதால் அது இன்னும் கூடப் புளித்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, நோர்ஃபோக் பக்கம் ஒரு வயலில் பழைய உதிரிப்பாகச் சந்தைக்குப் போனேன். கூடாரங்களுக்குக் கடைசியில் ஒரு கிழவர் தன் வானின் பின்னால் துருப்பிடித்த சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். அதற்குள் ஒரு எஞ்சின் புளொக். உள்ளுறுப்பு எதுவும் இல்லாத வெறும் இரும்பு உடல்தான். அந்தக் காலத்துக் கமாரோவினுடையது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பழக்க தோஷத்தில் குனிந்து, முன்பக்கம் வலது கரையை விரலால் தேய்த்தேன்.

முதல் மூன்று இலக்கமும் எனக்குத் தெரிந்தவை. எச்சில் தொட்டு மிச்சத்தையும் தேய்த்தேன். மேர்வினின் காரின் நம்பர். ஒன்றும் தப்பவில்லை.

"இது எங்கே இருந்து வந்தது?" என்று கிழவரிடம் கேட்டேன்.

தன் மச்சானின் படகில் இருந்ததாம். படகு உக்கிப்போய் முப்பது வருடமாம். இதைக் கழற்றிக் கொட்டிலில் போட்டிருந்ததாம். மச்சான் செத்ததால் கொட்டிலைத் துப்பரவாக்குகிறார்களாம்.

மேர்வினுக்குப் போன் எடுக்க வேண்டும் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. இல்லை என்று சொல்லமாட்டேன். போனைக் கையில்கூட எடுத்தேன். பிறகு நடக்கப் போவதை நினைத்துப் பார்த்தேன். இந்தப் புளொக்கை அவன் காரில் பூட்டினால் அவனுடைய காரும் அசலாகிவிடும். சிரிப்பும் அவனுக்கு, கல்யாணமும் அவனுக்கு, இரட்டைத் தீர்த்தமும் அவனுக்கு. நம்பரும் அவனுக்கென்றால் எனக்கு என்ன மிச்சம்? போனைத் திரும்ப சேட் பொக்கற்றில் வைத்தேன். புளொக்கை வாங்கி, கராஜிலிருந்து இரவலாகக் கொண்டுவந்த வானில் ஏற்றினேன். கிழவர் நல்ல மனுஷன், தூக்குவதற்கு ஒரு கை கொடுத்தார்.

அன்றிலிருந்து அது என் லொக்கப்பில், என் காரின் பின்னால், தார்ப்பாயின் கீழ் இருந்தது. அதை வைத்து நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மேர்வினுக்குக் கிடைக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. சனிக்கிழமைகளில் போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பேன். துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசுவேன். நான் பாகங்களுக்கெல்லாம் துண்டு எழுதிக் கட்டுகிறவன். என் கை என்னையறியாமல் இதற்கும் ஒரு மட்டைத் துண்டில் நம்பரையும் 'மேர்வின்' என்றும் எழுதிக் கட்டிவிட்டது. யோசித்துச் செய்த காரியம் இல்லை. இருபத்தைந்து வருடத் தொழில் பழக்கம் அப்படி.

அங்கே போய் வந்தால் எனக்கு மனம் லேசாகும். கோவிலில் மேர்வினைக் கண்டால் நானே போய்க் கை கொடுப்பேன். அவன் தன் காரின் கதையை யாருக்காவது சொல்லும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அந்த இரண்டு வருடமும் நான் அவனோடு மிக நல்லபடியாக நடந்துகொண்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இந்த வருடம் மாசி மாதம் மேர்வினுக்கு ஐம்பது வயது. பங்கு மண்டபத்தில் பெரிய கொண்டாட்டம் என்று பெனிற்றா சொல்லிவிட்டாள். புரியாணிக்குப் பெரிய கிடாரம் வேண்டும். எங்கள் கிடாரம் லொக்கப்பில் இருந்தது. நான் வேலையில் நின்ற நேரம் பார்த்து எமில்டா திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் கிடாரத்தை உரஞ்சிக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ இருக்கிறது மேர்வின்ர எஞ்சினோ?" என்று கேட்டாள்.

நான் சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்தேன்.

"துண்டில எழுதியிருக்கு" என்றாள். "பிறந்தநாளுக்குக் குடுக்கத்தானே ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? நான் பெனிற்றாவுக்குச் சொல்லிப்போட்டன். அவள் போனில அழுறாள். மேர்வினுக்கு மட்டும் சொல்லேல்லை."

கதிரையை இழுத்து இருந்தேன். என்ன சொல்ல முடியும்? இல்லை, அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்று வாங்கி வைத்திருக்கிறேன் என்றா? "ஓம்" என்றேன்.

கொண்டாட்டத்தன்று எங்கள் பக்கத்து வீட்டு யோகராஜா தன் வானில் புளொக்கை ஏற்றி வந்தார். எமில்டா அதற்குச் சிவப்பு ரிபன் கட்டியிருந்தாள். நான்கு பேர் தூக்கிவந்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மேர்வினுக்கு முதலில் விளங்கவில்லை. நான் நம்பரைக் காட்டியதும் அவன் சத்தமே இல்லாமல் அழத் தொடங்கினான். இருநூறு பேர் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்து, தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பாதர் மைக்கை வாங்கி, ஒரு சகோதரன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் உதாரணம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கிடைத்த கைதட்டல் அது. ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் விழுவது போல இருந்தது.

"அண்ணை, இதை நீங்கள்தான் பூட்டிக் குடுக்கவேணும்" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமையும் எனக்கு நரகம். மேர்வினின் போன் எப்போது வரும் என்று காத்திருந்தேன். என் கையாலேயே அவனுடைய காரை அசலாக்க வேண்டும். பிஸ்டன் ஏற்றி, தலை பூட்டி, திருகாணி ஒவ்வொன்றையும் நானே இறுக்க வேண்டும். அதன் பிறகு எசெக்ஸில் அந்த இரண்டு கிழவர்களும் அவனுடைய பொனற்றுக்குள் குனிந்து "வெரி கரெக்ட்" என்று சொல்லுவார்கள், பற்றிஸை மென்றுகொண்டே.

கடைசியில் அவன் போன் எடுக்கவில்லை. நேரே கராஜுக்கு வந்தான். கையில் சாப்பாட்டுப் பொதி.

"அண்ணை, கோவிக்கக் கூடாது" என்றான். "நான் யோசிச்சுப் பாத்தன். அந்த எஞ்சினைப் பூட்ட எனக்கு மனம் வரேல்லை."

"ஏன்?"

"இப்ப இருக்கிறதோட நாலு வருசம் பழகிட்டன். விடியக்காலமை ஸ்ராட் பண்ணேக்க அது இருமிற இருமல்கூட எனக்குத் தெரியும். நல்லா ஓடிக்கொண்டிருக்கிறதைக் கழட்டி மூலையில போட ஏலாது. ஆனா நீங்கள் தந்ததை வீணாக்கமாட்டன், அதுக்கு நல்ல இடம் ஒண்டு பாத்திருக்கிறன்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவன் கார் அசலாகப் போவதில்லை, நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். இரண்டு வருடம் எண்ணெய் பூசிக் காவல் இருந்த பொருள் அது. அதை இழந்துவிடுவேன் என்று நித்திரை கெட்டவன் நான். அவனுக்கு அது தேவையே இல்லையாம். எனக்கு உயிராக இருக்கிற ஒன்று ஒருத்தனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றால் அவன்மேல் எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது? அன்றைக்கு நான் அவனை முன்பைவிட வெறுத்தேன். கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அதுவும் நன்றாக இருந்தது.

அவன் பார்த்த நல்ல இடம் எது என்று மே மாதம் தெரிந்தது. மே மாதாவின் மாதம். எங்கள் பங்குக் குடும்பங்களில் ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு வீட்டில் செபமாலை சொல்வார்கள். மேர்வின் வீட்டு முறை வந்தபோது நானும் எமில்டாவும் பஸ்ஸில் போனோம். நாங்கள் அன்றாடம் ஓடும் சின்னக் காரை ஜெனோஜா மன்செஸ்ரருக்குக் கொண்டுபோயிருந்தாள். மேர்வின் எல்லோரையும் பின் தோட்டத்துக்குக் கூப்பிட்டான்.

வேலி ஓரத்தில் சீமெந்துத் தட்டு ஒன்று கட்டி, அதன்மேல் அந்த எஞ்சின் புளொக்கை நிறுத்தியிருந்தான். நீலப் பெயின்ற் அடித்திருந்தது. சிலிண்டர் ஓட்டைகள் எட்டிலும் பெனிற்றா மண் நிரப்பிப் பூக்கன்று நட்டிருந்தாள். மேலே மடு மாதாவின் சுரூபம். முன்னால் மெழுகுதிரி.

"மாதாவுக்கு அசல் அத்திவாரம் அத்தான்" என்று பெனிற்றா என்னிடம் சொன்னாள். "நீங்கள் குடுத்ததெண்டு பாதருக்கும் சொல்லியிருக்கிறம்."

எல்லோரும் புல்லில் முழந்தாளிட்டார்கள். பெரியவர் என்று என்னை முன்வரிசையில் விட்டார்கள். முழந்தாளிட்டால் நம்பர் சரியாக என் கண் மட்டத்தில் இருந்தது. அதன்மேல் மட்டும் பெயின்ற் அடிக்காமல், வெள்ளை நிறத்தால் இலக்கங்களை எடுத்துக் காட்டியிருந்தான் மேர்வின். ஐம்பத்துமூன்று அருள் நிறைந்த மரியே சொல்லி முடியும் வரைக்கும் நான் அந்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினாலும் தெரிந்தது. செபமாலையின் இரண்டாவது பத்து மணியை என்னைத் தொடங்கச் சொன்னார்கள். ஏதாவது ஒரு கருத்துக்கு ஒப்புக்கொடுத்துத் தொடங்க வேண்டும். "மனச் சமாதானம் இல்லாத ஆக்களுக்காக" என்றேன். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். எமில்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

செபம் முடிந்து தேத்தண்ணி குடித்து எழும்பும்போது ஏழரை. வெளிச்சம் இன்னும் இருந்தது. மெல்லிய தூறல்.

"பஸ்ஸில போகாதேங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்" என்று மேர்வின் கார்த் திறப்பை எடுத்தான். பெனிற்றா ஏனங்கள் கழுவ நின்றுவிட்டாள்.

நான் முன் கதவைத் திறந்தேன். ஆம்பிளையள் முன்னுக்கு, பொம்பிளையள் பின்னுக்கு என்பதுதானே வழக்கம்.

"இண்டைக்கு நான் முன்னுக்கு இருக்கிறன்" என்றாள் எமில்டா.

இரண்டு கதவுக் கார் அது. முன் சீற்றை மடித்து, நான் குனிந்து பின்னால் புகுந்தேன். முழங்கால் தாடைக்கு வந்தது. எமில்டா சேலையை ஒதுக்கி முன்னால் அமர்ந்தாள். மேர்வின் திறப்பைத் திருப்ப, அந்த மாற்று எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு முழங்கத் தொடங்கியது. நல்ல சத்தம். பிழை பிடிக்கக் காது கொடுத்துக் கேட்டேன், ஒன்றும் இல்லை.

றொம்ஃபோர்ட் றோட் வழியாகப் போனோம். எமில்டா கண்ணாடியை இறக்கினாள். தூறல் அவள் முகத்தில் பட்டது, துடைக்கவில்லை. சிக்னலில் ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. மேல்தட்டிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள், சேலை கட்டிய ஒரு பெண் இந்தக் காரை ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எமில்டா அவர்களுக்குக் கை காட்டினாள்.

"ஒருக்கா நல்லா அமத்துங்கோ மேர்வின்" என்றாள்.

அவன் அக்சிலேற்றரை அழுத்தினான். கார் உறுமியது. எமில்டா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருடம். பின் சீற்றில் மடங்கி இருந்துகொண்டு, இன்னொருத்தனின் காரில் என் மனைவி சிரிப்பதை அவளுடைய பிடரியைப் பார்த்தபடி கேட்டேன். அதுவரை எனக்கு வந்த பொறாமை எல்லாம் சும்மா.

வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டு மேர்வின் போய்விட்டான். நான் கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எமில்டா வாசலிலேயே நின்றாள்.

"அந்த எஞ்சினை நீங்கள் மேர்வினுக்குக் குடுக்க வாங்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

திறப்பு கைக்குக் கிடைத்தது, பூட்டில் போடவில்லை.

"துண்டைக் கண்ட உடனேயே தெரியும். இருபத்தாறு வருசமா உங்களோட இருக்கிறன். நான் பெனிற்றாவுக்கு அப்பிடிச் சொல்லாட்டி நீங்கள் அதைச் சாகும்வரைக்கும் குடுத்திருக்கமாட்டியள். அதான் சொன்னனான்."

"என்னை நல்லா மாட்டிவிட்டீர்" என்றேன். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

"நீங்கள் மேர்வினைப் பாத்து எரியிறது எனக்குத் தெரியும். ஆனா நான் ஆரைப் பாத்து எரியிறன் எண்டு நீங்கள் ஒருநாளும் யோசிக்கேல்லை." அவள் குரல் நிதானமாக இருந்தது. "என்ர தங்கச்சியைப் பாத்து. நாலு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் அவள் அந்த முன் சீற்றில வந்து இறங்கிறதைப் பாக்கிறன். எங்கட கமாரோவில நான் எத்தினை தரம் இருந்திருக்கிறன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லத் தெரிந்தது. ஒரு தரம்கூட இல்லை. சீற் தோலில் மடிப்பு விழுந்துவிடும் என்று நான்தான் விடவில்லை.

"நாளைக்குப் போவம்" என்றேன். அவசரமாகச் சொன்னேன். "நாளைக்கே எங்கட காரை எடுப்பம். மழை எண்டாலும் பரவாயில்லை. எங்க போவம்? நீர் சொல்லும்."

"நான் சொல்லிட்டன். கார் வந்த அண்டைக்கே சொன்னனான், இன்ன இடத்துக்கு என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. நீங்களும் ஓம் எண்டனியள்."

நான் யோசித்தேன். கார் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிரெய்லரில் வந்து இறங்கியது, ரயரில் இருந்த காற்றின் அளவு, மீற்றரில் காட்டிய மைல், எஞ்சினில் ஊத்தையைத் துடைத்து நான் முதலில் வாசித்த இலக்கங்கள், எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தன. எமில்டா பக்கத்தில் நின்று ஏதோ சொன்னதும் நினைவு வந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்ன இடம் என்பது மட்டும் வரவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த திறப்பை வாங்கி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.